வீட்டின் பின்புறத்தில் ஹோய்ஸ்ட்டுடன் ஒரு சிறிய கார் கொட்டகை: தரையை எப்படிப் போடுவது?

சிப்புட் செம்மண் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், முன்பு பால்மரத் (ரப்பர்) தோட்டமாக இருந்து பின்னர் வீட்டுமனைகளாகப் பிரிக்கப்பட்ட நிலத்தில் எங்கள் வீடு இருக்கிறது. பின்புறத்தில் 16 அடி அகலமும் 26 அடி நீளமும் கொண்ட கொட்டகை ஒன்றை எழுப்பி, அதற்குள் காரைத் தூக்கி நிறுத்தும் இரண்டு தூண் ஹோய்ஸ்ட் ஒன்றைப் பொருத்த விரும்புகிறேன். தொழில் நடத்துவதற்காக அல்ல. என்னிடம் உள்ள முதல் தலைமுறை புரோட்டோன் சாகாவை முழுமையாகச் சீரமைக்கவும், மனைவியின் மைவி காரையும் மைத்துனரின் ஹைலக்ஸ் பிக்கப் வண்டியையும் அவ்வப்போது பராமரிக்கவும் மட்டுமே அது பயன்படும். செம்பனை ஆலையின் இயந்திரப் பட்டறையில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்பதால் வெல்டிங், ஹைட்ராலிக் போன்றவை எனக்குப் பழக்கமானவை. கட்டுமான வேலையில்தான் எனக்குப் போதிய அறிவு இல்லை.

என்னுடைய முதல் கேள்வி தரையைப் பற்றியது. நான் அழைத்து வந்து காட்டிய கட்டுமானக் குத்தகையாளர், கார் நிறுத்தும் இடத்துக்குப் போடுவதைப் போல 4 அங்குலக் கான்கிரீட்டும் ஓர் அடுக்கு பிஆர்சி கம்பி வலையும் போதும் என்கிறார். ஹோய்ஸ்ட் விற்பவரும் 4 அங்குலம் போதும் என்றே சொல்கிறார். இருவரும் ஒரே எண்ணைச் சொல்வதால் நான் நிம்மதி அடைய வேண்டும். ஆனால் அந்த நிலத்தின் ஒரு மூலையில் மழைக்குப் பிறகு மண் சற்றே உள்வாங்குவதை நான் பார்த்திருக்கிறேன். அங்கே முன்பு மரங்கள் இருந்தன என்று அண்டை வீட்டுப் பெரியவர் சொல்கிறார்.

இரண்டாவது, உயரம். வீட்டுக் கூரையோடு ஒட்டிச் செல்லும்படி 9 அடி உயரத்தில் கூரை போட்டால் செலவு குறைகிறது. அந்த உயரத்தில் ஹோய்ஸ்ட் பயன்படுமா, அல்லது அந்த எண்ணத்தை விட்டுவிட்டு, எங்கள் ஆலைப் பட்டறையில் இருந்ததைப் போல ஆள் இறங்கி நிற்கும் குழி ஒன்றைத் தோண்டிவிடலாமா? மேலும், ஈப்போவில் மூடப்பட்ட ஒரு பட்டறையிலிருந்து பழைய இரண்டு தூண் ஹோய்ஸ்ட் ஒன்று விலைக்கு வருகிறது. அதை வாங்குவது அறிவுடைமையா? நகராண்மைக் கழக அனுமதி, மின் இணைப்பு ஆகியவை குறித்தும் அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

---

கலவை மேற்பார்வை எழுதியது:

வணக்கம் ஐயா. கட்டுமானத் தளங்களில் கான்கிரீட் பணிகளை மேற்பார்வையிடுபவன் என்ற முறையில் தரையைப் பற்றி மட்டும் விரிவாக எழுதுகிறேன். ஏனெனில், உங்கள் திட்டத்தில் எது நிலைக்கும், எது நிலைக்காது என்பதைத் தீர்மானிப்பது ஹோய்ஸ்ட்டின் தரத்தைவிட அதன் கீழே உள்ள ஓர் அடி மண்ணும் கான்கிரீட்டும்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கார் நிறுத்தும் தரையும் ஹோய்ஸ்ட் நிற்கும் தரையும் ஒரே வகையான சுமையைத் தாங்குவதில்லை. நிறுத்தப்பட்ட கார் நான்கு சக்கரங்களின் வழியாகத் தரையைக் கீழ்நோக்கி அழுத்துகிறது, அவ்வளவுதான். இரண்டு தூண் ஹோய்ஸ்ட்டில் காரின் எடை தூணுக்கு நேர் மேலே இல்லை, தூணிலிருந்து நீளும் கைகளின் முனையில் இருக்கிறது. மைத்துனரின் ஹைலக்ஸ் ஏறக்குறைய 2 டன் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு தூணுக்கும் 1 டன் வருகிறது, அந்த 1 டன் தூணிலிருந்து முக்கால் மீட்டர் அளவுக்கு உட்புறமாகத் தள்ளி நிற்கிறது. ஆகவே ஒவ்வொரு தூணும் காரின் பக்கமாகச் சாயவே முயல்கிறது. அதைச் சாயவிடாமல் பிடித்திருப்பவை அடித்தட்டின் வெளிப்புற ஓரத்தில் தரைக்குள் பதித்துள்ள ஆங்கர் போல்ட்டுகள் மட்டுமே. தோராயமாகக் கணக்கிட்டாலும் ஒன்றரை டன் அளவிலான இழுவிசை அந்தப் போல்ட்டுகளைத் தரையிலிருந்து மேல்நோக்கிப் பிடுங்கப் பார்க்கிறது. அழுத்தத்தைத் தாங்குவதில் கான்கிரீட் சிறந்தது, இழுவிசையைத் தாங்குவதில் மிகவும் பலவீனமானது. போல்ட் பிடுங்கப்படும்போது அது தனியாக வருவதில்லை, கூம்பு வடிவில் ஒரு கான்கிரீட் துண்டையும் பெயர்த்துக்கொண்டு வரும். தரை எவ்வளவு தடிமனோ, போல்ட் எவ்வளவு ஆழமோ, அந்தக் கூம்பு அவ்வளவு பெரியதாகவும் பெயர்ப்பதற்குக் கடினமானதாகவும் இருக்கும்.

விற்பனையாளர் சொன்னது பொய்யல்ல. 4 டன் வகை ஹோய்ஸ்ட்டுகளின் கையேடுகள் பலவற்றில் 100 மில்லிமீட்டர் தடிமனும் 3,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்த வலிமையும் குறைந்தபட்ச அளவாகக் கொடுக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் அந்த 100 மில்லிமீட்டர் எல்லா இடத்திலும் குறையாமல் இருக்க வேண்டும், விரிசல் இருக்கக்கூடாது, 28 நாள் முதிர்ந்திருக்க வேண்டும், அடியில் உள்ள மண் இறுகியிருக்க வேண்டும். நம் ஊர் வீட்டு வேலைகளில் 4 அங்குலம் என்று பேசிப் போடும் தரையைத் துளையிட்டுப் பார்த்தால் சில இடங்களில் 3 அங்குலத்துக்கும் குறைவாகவே இருக்கும், கம்பி வலையோ தூக்கி நிறுத்தப்படாமல் மண்ணோடு மண்ணாகக் கிடக்கும். ஆகவே தரை முழுவதையும் 150 மில்லிமீட்டர் தடிமனில் போட்டு, இரு தூண்களும் வரும் இடங்களில் மட்டும் 1.2 மீட்டர் சதுரத்துக்கு 300 மில்லிமீட்டர் ஆழம் தோண்டி, அந்தத் திண்டுகளையும் தரையையும் ஒரே வார்ப்பாக ஊற்றும்படி நான் பரிந்துரைக்கிறேன். தரைக்குள் பிஆர்சி ஏ7 (7 மில்லிமீட்டர் கம்பி) வலையைக் கட்டைகளின் மீது உயர்த்தி வையுங்கள். திண்டுகளுக்குள் மேலும் கீழுமாக இரண்டு அடுக்குக் கம்பிகள் வேண்டும். அவற்றின் அளவை ஒரு பொறியாளர் உங்கள் ஹோய்ஸ்ட்டின் கையேட்டைப் பார்த்து உறுதிசெய்யட்டும்.

உங்கள் அளவுக்கு மொத்தம் ஏறக்குறைய 6.2 கன மீட்டர் கான்கிரீட் தேவைப்படும். இதை டிரம்மில் கலக்க வேண்டாம், ஆலையில் கலந்து லாரியில் வரும் கிரேடு 30 வலிமையுள்ள தயார்நிலைக் கலவையை வரவழையுங்கள். லாரி வந்து நின்றதும், கலவை எளிதாக ஓட வேண்டும் என்பதற்காக வேலையாட்கள் குழாயைப் பிடித்துத் தண்ணீர் ஊற்றத் தொடங்குவார்கள். அதை மட்டும் எக்காரணம் கொண்டும் அனுமதிக்காதீர்கள். காசு கொடுத்து வாங்கிய வலிமை அந்தத் தண்ணீரோடுதான் கரைந்து போகிறது. ஊற்றிய பிறகு குறைந்தது 7 நாட்கள் ஈரச் சாக்கு அல்லது பிளாஸ்டிக் விரிப்பால் மூடி ஈரம் காய விடாமல் காத்திருங்கள். 7 நாட்களில் கான்கிரீட் தன் முழு வலிமையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைத்தான் அடைந்திருக்கும், எனவே 28 நாட்களுக்கு முன்பு ஆங்கர் போல்ட் அடிக்க வேண்டாம்.

இன்னொன்று, மழைநீர் வழிந்தோட வேண்டும் என்று தரையைச் சரிவாகப் போடுவது நம் வழக்கம். இரு தூண்களும் நிற்கும் பட்டை மட்டும் சமதளமாக இருக்கட்டும். சரிவை வாசல் பக்கத்தில் தொடங்கலாம்.

மண் உள்வாங்கும் மூலையைப் பற்றி நீங்கள் எழுதியதுதான் எனக்குக் கவலை அளிக்கிறது. அது எந்த மூலை, தூண் வரும் இடத்துக்கு எவ்வளவு அருகில் என்பதைச் சொல்லுங்கள்.

---

ஈப்போ பட்டறை எழுதியது:

தம்பி, தரையைப் பற்றி மேலே எழுதியவர் சொன்ன எதிலும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நான் உயரம், குழி, பழைய ஹோய்ஸ்ட் ஆகிய மூன்றைப் பற்றியும் சொல்கிறேன்.

குழியை மறந்துவிடுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது தாழ்வான இடத்தைத் தேடி இறங்கித் தங்கும். பழைய சாகாவில் எரிபொருள் குழாயைக் கழற்றும்போது சிந்துகிற சிறிதளவு பெட்ரோலும் குழிக்குள் ஆவியாகித் தேங்கினால், ஒரு விளக்கின் சுவிட்சே அதைப் பற்றவைக்கப் போதும். ஆலைப் பட்டறையில் நீங்கள் பார்த்த குழிக்கு மேலே நின்றவை பெரும்பாலும் டீசல் வண்டிகளாக இருந்திருக்கும் என்பதையும் நினைத்துப் பாருங்கள். அதோடு, நம் பகுதியில் பெய்யும் மழைக்கு, பக்கச் சுவர்களில் நீர்க்காப்பு செய்யாத குழி எதுவும் வறண்டு இருக்காது.

உயரத்துக்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. காரின் உயரத்தோடு, நீங்கள் நிமிர்ந்து நின்று வேலை செய்ய எவ்வளவு தூக்க வேண்டுமோ அதைக் கூட்டுங்கள். மைவியின் உயரம் ஏறக்குறைய 1.5 மீட்டர், ஹைலக்ஸ் ஏறக்குறைய 1.8 மீட்டர். அடிப்பகுதியை 1.8 மீட்டர் உயர்த்தினால் மைவிக்கு 3.3 மீட்டரும் ஹைலக்ஸுக்கு 3.6 மீட்டரும் வேண்டும். 9 அடி என்பது 2.75 மீட்டர் மட்டுமே. அந்தக் கூரையின் கீழ் நீங்கள் எந்தக் காரின் அடியிலும் நிமிர்ந்து நிற்க முடியாது. ஆகவே கூரையின் மிகத் தாழ்ந்த உத்திரத்துக்குக் கீழே 12 அடி தெளிவாகக் கிடைக்கும்படி கட்டுங்கள். வீட்டுக் கூரையோடு ஒட்ட வேண்டும் என்ற எண்ணத்தைக் கைவிடுங்கள். துத்தநாகக் கூரைக்குக் கீழே வெப்பத்தைத் தடுக்கும் படலம் போடுவதற்கும், உயரத்தில் காற்று வெளியேறும் திறப்புகள் வைப்பதற்கும் செலவழியுங்கள், பிற்பகலில் அந்த உயரத்தில் தேங்கும் வெப்பம் தாங்க முடியாதது.

இரண்டு தூண் ஹோய்ஸ்ட்டில் இரு வகை உண்டு. மேலே குறுக்குச் சட்டம் வழியாகக் கேபிளும் குழாயும் செல்லும் வகைக்குத் தரை தடையின்றி இருக்கும், ஆனால் கூரை உயரம் முழுமையாக வேண்டும். தரையில் இரும்புத் தகடு மூடியபடி அவை செல்லும் வகை குறைந்த உயரத்துக்குப் பொருந்தும், ஆனால் கியர்பாக்ஸை இறக்கி உருட்டிச் செல்லும்போது அந்தத் தகடு ஒவ்வொரு முறையும் குறுக்கே நிற்கும். சாகாவை முழுமையாகச் சீரமைக்கப் போகிறீர்கள் என்பதால் முதல் வகையையே தேர்ந்தெடுங்கள். ஒருவேளை மண் சரியில்லை என்று தெரிந்தால், நான்கு தூண் ஹோய்ஸ்ட் ஒரு நல்ல மாற்று வழி. அதில் கார் சக்கரங்களின் மீதே நிற்பதால் எடை நான்கு மூலைகளிலும் நேராகக் கீழே இறங்குகிறது, தூணைச் சாய்க்கும் விசை மிகவும் குறைவு. சக்கரங்களைத் தொங்கவிட்டு பிரேக், அப்சோர்பர் வேலை செய்ய அதற்குத் தனியாக ஒரு ஜாக் வாங்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

பழைய ஹோய்ஸ்ட்டை வாங்கலாம். ஆனால் அதன் கையேடும் சுமைத் தகடும் இல்லையென்றால் வாங்கவே வேண்டாம். கைகள் தூணோடு சேரும் இடத்திலுள்ள பின் தேய்ந்திருக்கிறதா, வெல்டிங்கில் முடியளவு விரிசல் தெரிகிறதா, கேபிளில் ஓர் இழையாவது அறுந்திருக்கிறதா என்று பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கைகள் நகராமல் பூட்டும் பல்சக்கரங்கள் மழுங்கியிருந்தால் அவற்றைப் புதிதாகப் போட வேண்டும். காரை ஏற்றியபின் இரு பக்கப் பூட்டுகளும் ஒரே நேரத்தில் விழுகின்றனவா என்று காது கொடுத்துக் கேளுங்கள். பழைய ஆங்கர் போல்ட்டுகளை அவர்கள் இலவசமாகக் கொடுத்தாலும் பயன்படுத்தாதீர்கள். 18 அல்லது 19 மில்லிமீட்டர் விட்டமுள்ள புதிய போல்ட்டுகளை, ஹோய்ஸ்ட்டின் கையேடு சொல்லும் ஆழத்துக்கு, துளையிலுள்ள தூளை முழுமையாக ஊதி அகற்றிய பிறகு அடித்து, முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். சில வாரங்கள் பயன்படுத்திய பிறகு மீண்டும் ஒருமுறை முறுக்கிச் சரிபார்க்க வேண்டும்.

ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்கிறேன், ஏனெனில் இதில் அலட்சியம் செய்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். காரைத் தேவையான உயரத்துக்குத் தூக்கியதும் அப்படியே அடியில் போகாதீர்கள். சற்றே இறக்கி, எடை முழுவதும் இரும்புப் பூட்டின் மீது உட்காரும்படி செய்த பிறகே போக வேண்டும். தூக்குவது எண்ணெயின் வேலை, தாங்கி நிற்பது பூட்டின் வேலை.

---

சிப்புட் செம்மண் எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அண்ணன் சொன்ன கணக்கைப் பார்த்த பிறகு 9 அடி என்ற எண்ணத்தையும் குழியையும் விட்டுவிட்டேன். மண் உள்வாங்கும் இடம் கொட்டகையின் இடப்புறத் தூண் வரும் இடத்திலிருந்து ஏறக்குறைய 3 அடி தொலைவில் இருக்கிறது. கொட்டகையையே நகர்த்த இடமில்லை. இன்னொரு சந்தேகம்: என் சாகாவின் கதவுக்குக் கீழுள்ள சட்டங்கள் துருப்பிடித்திருக்கின்றன. ஹோய்ஸ்ட்டின் கைகளை அங்கே வைக்கலாமா?

---

ஈப்போ பட்டறை எழுதியது:

துருப்பிடித்த சட்டத்தில் கண்டிப்பாக வைக்கக்கூடாது, தம்பி. ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். தகடு உள்ளே போனால் அந்த இடம் காரின் எடையைத் தாங்காது. முதலில் காரைச் சக்கரங்களின் மீதே வைத்துக்கொண்டு அந்தச் சட்டங்களை வெட்டிப் புதிய தகடு வைத்து வெல்டிங் செய்து முடித்துவிட்டு, அதன் பிறகே ஹோய்ஸ்ட்டில் ஏற்றுங்கள். முதல்முறை ஏற்றும்போது சக்கரம் தரையை விட்டு ஒரு சாண் எழும்பியதும் நிறுத்தி, காரைக் கையால் அசைத்துப் பாருங்கள். முன்சக்கர இயக்கக் கார்களில் எடையின் பெரும்பகுதி முன்புறம்தான் இருக்கிறது. எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இறக்கிய மறுகணம் காரின் பின்புறம் கனமாகிவிடும். அந்த வேலைக்கு முன்பே பின்புறத்தின் கீழ் உயரமான தாங்கிகளை நிறுத்தி வைக்க வேண்டும்.

---

மின்கம்பி எழுதியது:

வணக்கம் ஐயா. எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்ற வயர்மேன் நான். மின்சாரத்தைப் பற்றி யாரும் சொல்லாததால் எழுதுகிறேன். வீட்டுப் பயன்பாட்டுக்கான ஹோய்ஸ்ட்டுகளில் பெரும்பாலும் 2.2 கிலோவாட் ஒருமுனை மோட்டார் இருக்கும். ஓடும்போதே அது ஏறக்குறைய 15 ஆம்பியர் இழுக்கும், கிளம்பும் கணத்தில் அதைவிடப் பல மடங்கு இழுக்கும். வீட்டுச் சுவரிலுள்ள 13 ஆம்பியர் சாக்கெட்டில் அதைச் செருகுவது தவறு. மின்பகிர்வுப் பெட்டியிலிருந்து தனிச் சுற்று இழுத்து, தூணுக்கு அருகில் கை எட்டும் உயரத்தில் துண்டிப்பு சுவிட்ச் வைக்க வேண்டும். பின்புறம் வரை தூரம் அதிகமென்றால் மின்னழுத்தம் குறைந்து மோட்டார் திணறும், ஆகவே கம்பியின் தடிமனைத் தூரத்தைப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும். கை விளக்கும் டிரில்லும் செருகும் சாக்கெட்டுகளுக்கு 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி அவசியம். பழைய ஹோய்ஸ்ட்டை வாங்குவதற்கு முன் அதன் மோட்டார் தகட்டைப் பாருங்கள். வணிகப் பட்டறைகளில் மும்முனை மோட்டார்களே அதிகம். அப்படியிருந்து, உங்கள் வீட்டு இணைப்பு ஒருமுனையாக இருந்தால், மோட்டாரை மாற்றும் செலவையும் விலையில் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

அனுமதி குறித்தும் சொல்லிவிடுகிறேன். 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் கீழ் நகராண்மைக் கழகத்தின் அனுமதி இல்லாமல் கட்டடம் எழுப்பக்கூடாது. கொட்டகை என்று பெயர் வைத்தாலும் கூரையும் தூண்களும் உள்ள நிரந்தர அமைப்பு கட்டடமாகவே கருதப்படும். கட்டடக் கலைஞர் வாரியத்தில் பதிவுபெற்ற வரைவாளர் ஒருவரிடம் வரைபடம் தயாரிக்கச் சொன்னால், எல்லையிலிருந்து விட வேண்டிய இடைவெளியையும் அவரே கேட்டறிந்து வரைந்து தருவார். உங்கள் நில உரிமைப் பத்திரத்தில் எழுதப்பட்டுள்ள பயன்பாட்டு நிபந்தனையையும் ஒருமுறை படித்துக்கொள்ளுங்கள். நாளை அக்கம்பக்கத்தார் காசு கொடுத்து வண்டி பார்க்கச் சொன்னால், குடியிருப்பு நிலத்தில் தொழில் நடத்துவதாகிவிடும். தொழில் உரிமம் மட்டுமின்றி, ஹோய்ஸ்ட்டைப் பற்றி வேலையிடப் பாதுகாப்பு சுகாதாரத் துறையிடமும் கேட்க வேண்டியிருக்கும்.

கழிவெண்ணெயையும் மறக்க வேண்டாம். கழிவுகள் பற்றிய 2005ஆம் ஆண்டின் விதிமுறைகளில் அது எஸ்டபிள்யூ 305 என்ற எண்ணில் பட்டியலிடப்பட்ட கழிவு. தோட்டங்களில் முன்பு வேலிக்கட்டைகளில் கறையானுக்காகப் பூசியதைப் போல இப்போது செய்யாதீர்கள், வடிகாலிலும் ஊற்றாதீர்கள். மூடியுள்ள டப்பாவில் சேர்த்து, உரிமம் பெற்ற சேகரிப்பாளரிடம் கொடுக்கும் பட்டறை ஒன்றில் ஒப்படையுங்கள்.

---

கலவை மேற்பார்வை எழுதியது:

ஐயா, 3 அடி தொலைவு என்பது மிக அருகில்தான். 1.2 மீட்டர் திண்டின் ஓரத்திலிருந்து அது ஓர் அடிதான் தள்ளியிருக்கிறது. பால்மரத்தை வெட்டி மேலே மண் நிரப்பிய நிலங்களில், அடிக்கட்டையும் பக்கவேர்களும் மண்ணுக்குள்ளேயே அழுகிக் காலப்போக்கில் வெற்றிடமாகிவிடும். மேலே இறுகித் தெரியும் செம்மண் ஒருநாள் அந்த வெற்றிடத்துக்குள் இறங்கும். அதை நிரப்பாமல் மேலே எவ்வளவு தடிமனாகக் கான்கிரீட் போட்டாலும் தரை ஒரு பக்கமாகச் சரியும், தூணும் அதோடு சரியும்.

மண் ஆய்வு செய்பவர்களிடம் மெக்கின்டாஷ் புரோப் சோதனை ஒன்றை இரு தூண்களின் இடத்திலும் அந்த மூலையிலும் செய்யச் சொல்லுங்கள். சுத்தியலால் அடித்துக் கம்பியை இறக்கி, ஒவ்வொரு 30 சென்டிமீட்டருக்கும் எத்தனை முறை அடிக்க வேண்டியிருந்தது என்று எழுதுவார்கள். ஓரிடத்தில் மட்டும் சுத்தியல் அடிகளின் எண்ணிக்கை திடீரென்று குறைந்தால் அங்கேதான் கட்டை அழுகியிருக்கிறது. அதைத் தோண்டி, கருமையான மண்ணும் மரத்துண்டுகளும் முற்றிலும் தீர்ந்து இயற்கையான செம்மண் தெரியும்வரை அகற்றுங்கள். பிறகு பொடியும் சல்லியும் கலந்த க்ரஷர் ரன் கல்லை 150 மில்லிமீட்டர் அடுக்குகளாகப் போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் அதிர்வு இயந்திரத்தால் இறுக்கிய பிறகே அடுத்த அடுக்கைப் போட வேண்டும். முழுப் பள்ளத்தையும் ஒரே தடவையில் நிரப்பி மேலே மட்டும் இறுக்கினால் கீழே எதுவும் இறுகாது. ஒருவேளை மூன்று இடங்களிலுமே மண் ஆழம் வரை மென்மையாக இருந்தால், அண்ணன் சொன்ன நான்கு தூண் ஹோய்ஸ்ட்டுக்கு மாறிவிடுங்கள். சோதனை முடிவு கையில் கிடைக்கும்வரை ஈப்போ ஹோய்ஸ்ட்டுக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம்.